பழைய ரீலும் ஒன்றரைப் பக்கக் கட்டுரையும்



தமிழாசிரியனுக்கும் தூண்டிலுக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் சிலர் என்னைக் கேலி செய்வதுண்டு. பள்ளி விடுமுறையில் கடலுக்குச் செல்வது என் நெடுநாள் பழக்கம். மீன் பிடிப்பதைக் காட்டிலும், கடலிலிருந்து திரும்பிய ரீல்களைப் பிரித்து, துடைத்து, மீண்டும் பூட்டுவதில் எனக்கு நாட்டம் அதிகம். அந்த வேலை என் வகுப்பறைக்குள் நுழைந்த கதையை இன்று எழுதுகிறேன்.

என் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன். வாசிப்பில் பின்தங்கியவன். கட்டுரை என்றால் மூன்று வரிகளுக்கு மேல் அவன் பென்சில் நகராது. ஒரு நாள் அவனுடைய தாயார் என்னைப் பார்க்க வந்தார். "தமிழும் வரல, மலாயும் வரல. வேற பள்ளிக்கு மாத்திடலாமா சார்?" என்று கேட்டார். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அனைவரும் கேட்டுப் பழகிய கேள்விதான். எனினும் ஒவ்வொரு முறையும் அது நெஞ்சில் தைக்கத்தான் செய்கிறது. ஆண்டிறுதி வரை பொறுக்குமாறு கேட்டுக்கொண்டேன்.

அம்மாணவனின் தாத்தா துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் ஜாராக் தீவு வரை படகில் சென்று தெங்கிரியும் கெராப்பும் பிடித்தவர். நான் ரீல் பழுது பார்ப்பேன் என்று பேரன் சொல்லக் கேட்டு, ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். உள்ளே இருந்தது பென் நிறுவனத்தின் செனட்டர் வகை ரீல். பிடி அசையவில்லை. பித்தளைப் பகுதிகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

இவ்வகை ரீலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கோலின் மேற்புறம் அமர்ந்து, நூல்கண்டு போன்ற உருளை நேராகச் சுழலும் பழைய அமைப்பு இது. தொடக்க காலத்தில் பெரிய மீன் இழுத்தால் கைப்பிடியும் பின்னோக்கிச் சுழன்று விரல்களை நொறுக்கிவிடும். கைப்பிடி நிற்க, கண்டு மட்டும் தடையுடன் சுழலும் 'டிராக்' அமைப்பு பின்னர் வந்தது. வில்லியம் போஷன் என்பவர் 1913இல் கலிபோர்னியாவின் கேட்டலினா தீவுப் பகுதியில் அத்தகைய ரீலைக் கொண்டே வாள்மீனைப் பிடித்தார். ஓட்டோ ஹென்சே 1932இல் பிலடெல்பியாவில் பென் நிறுவனத்தைத் தொடங்கினார். செனட்டர் ரீல் 1936இல் வெளிவந்தது. அடிப்படை அமைப்பு பெரிதாக மாறாததால், பல பத்தாண்டுகளுக்கு முந்திய ரீலையும் இன்று பழுது பார்க்க முடிகிறது.

சனிக்கிழமைப் புறப்பாட நடவடிக்கை முடிந்ததும், தாத்தாவும் பேரனும் நானும் மேசையில் பழைய நாளிதழை விரித்து அமர்ந்தோம். கழற்றும் வரிசையிலேயே உறுப்புகளை இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும்; பூட்டும்போது வலமிருந்து இடமாக வர வேண்டும். இஃது ஒன்றே விதி. வகுப்பில் ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் அமராத அச்சிறுவன், ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

கடல் நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நீர் உலர்ந்தாலும் உப்பு உள்ளே தங்கிக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வெவ்வேறு உலோகங்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அரிப்பு விரைவாகும். ஆகவேதான் திருகாணியின் மரைகளிலும் சிறிது கிரீஸ் தடவிப் பூட்டுகிறோம். பழைய, இறுகிய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவினோம். பற்சக்கரங்களுக்கும் பக்கத் தட்டின் உட்புறத்துக்கும் கடற்பயன்பாட்டுக் கிரீஸை மெல்லியதாகப் பூசினோம். கண்டு சுழலும் இரு முனைகளுக்கு மட்டும் கிரீஸ் ஆகாது. அங்கே ஓரிரு துளி மெல்லிய எண்ணெய் போதும். இல்லையேல் கண்டு தடையின்றி ஓடாது.

அவ்வேளையில்தான் சிறுவன் கேட்டான்: "ஐயா, இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?"

அவன் கையில் இருந்தது, கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் சிறு இரும்புத் துண்டு. சிறிய சுருள்வில் ஒன்று அதனைப் பற்களின்மேல் அழுத்திப் பிடிக்கும். ஆங்கிலத்தில் இதற்கு 'டாக்', அதாவது நாய் என்று பெயர் என்றேன். அவன் சிரித்துவிட்டு, "நாய் மாதிரி இல்லையே ஐயா. நாக்கு மாதிரில இருக்கு" என்றான். அன்று முதல் அது எங்களுக்குத் 'தடுப்பு நாக்கு' ஆயிற்று.

பிறகு ஒவ்வொன்றுக்கும் பெயர் தேடினோம். பற்சக்கரம், அச்சு, சுருள்வில், திருகாணி ஆகியவை முன்பே இருந்தன. நரம்பு சுற்றும் உருளைக்குத் தாத்தா 'கண்டு' என்றார்; அவர் தாயார் தையல் நூலுக்குச் சொன்ன சொல். ஐந்து முனைகளுடைய டிராக் திருகைச் சிறுவன் 'விண்மீன் திருகு' என்றான். பித்தளையில் ஏறும் பச்சைக்குக் 'களிம்பு' என்று ஒரு தனிச்சொல்லே இருப்பதைக் கேட்டு வியந்தான். டிராக், வாஷர், கிரீஸ் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டோம். எல்லாவற்றையும் தன் பயிற்றுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதினான். யாரும் எழுதச் சொல்லவில்லை.

அடுத்து மேம்படுத்தும் வேலை. டிராக்கினுள் உலோகத் தகடுகளும் உராய்வு வாஷர்களும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். பழைய வாஷர்கள் தேய்ந்து, ஒரு பக்கம் எரிந்து கறுத்திருந்தன. இவை சூடேறினால் விட்டுவிட்டுப் பிடிக்கும். அந்தக் குலுக்கலில்தான் நரம்பு அறும். இக்காலத்துக் கார்பன் நார் வாஷர்கள் வெப்பத்தைத் தாங்கிச் சீராக நழுவும். அவற்றுக்கென உள்ள டிராக் கிரீஸை மெல்லியதாகத் தடவிப் பொருத்தினோம். துருப்பிடித்திருந்த சுருள்வில்லையும் மாற்றினோம்.

இன்னும் சில உறுப்புகளை மாற்றி, டிராக்கை இரு மடங்கு வலுவாக்கலாம் என்று நான் சொன்னேன். பெரியவர் தலையசைக்கவில்லை. "அதை மட்டும் ரெண்டு மடங்கு இறுக்கினா மத்ததெல்லாம் தாங்குமா சார்?" என்றார். மிகச் சரியான கேள்வி. டிராக் வலுத்தால் அந்தச் சுமை பற்சக்கரத்துக்கும், அது அமர்ந்த அச்சுக்குழலுக்கும், தடுப்பு நாக்குக்கும், இறுதியில் சட்டத்துக்கும் செல்லும். ஒன்றை வலுவாக்கினால் அடுத்தது வளையும். ஆகவே அளவோடு நின்றோம்.

30 பவுண்டு நரம்பைச் சுற்றி, வில் தராசால் இழுத்து, 10 பவுண்டில் நழுவும்படி டிராக்கை வைத்தோம். நரம்பின் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்கு என்பது வழக்கமான கணக்கு. மீன் நரம்பை இழுத்துச் செல்லச் செல்லக் கண்டின் சுற்று சிறுக்கும். விட்டம் பாதியானால், அதே டிராக் நரம்பை இரு மடங்கு வலுவுடன் இழுக்கும். அதனால்தான் தொடக்கத்திலேயே அவ்வளவு இடம் விட்டு வைக்கிறோம். மீன் ஓடும்போது இறுக்குவதே பலரின் இயல்பு. என் வகுப்பில் சில பிள்ளைகளை எண்ணிக்கொண்டேன்.

கடலிலிருந்து திரும்பியதும் செய்ய வேண்டியதையும் சிறுவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். முதலில் டிராக்கை இறுக்க வேண்டும். நன்னீரை மெல்லத் தூவிக் கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே புகும். துடைத்து நிழலில் உலர்த்திய பின், டிராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும். இறுக்கியே வைத்தால் வாஷர்கள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும்.

மறு வாரம் கட்டுரைப் பாடத்தில், 'நான் செய்த ஒரு வேலை' என்று தலைப்புக் கொடுத்தேன். அம்மாணவன் ஒன்றரைப் பக்கம் எழுதினான். லகர ளகர ழகரப் பிழைகள் ஏராளம். 'கழற்றினோம்' என்ற சொல்லை மூன்று விதமாக எழுதியிருந்தான். ஆனால் முதலில், பிறகு, அதன் பின், இறுதியாக என்று வரிசை ஓரிடத்திலும் பிசகவில்லை. தடுப்பு நாக்கு மாட்டிக்கொண்டால் விரலுக்கு என்ன ஆகும் என்பதை அவ்வளவு தெளிவாக நானும் எழுதியிருக்க மாட்டேன்.

தாயாரை அழைத்துக் கட்டுரையைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தவர், பாதியில் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து மீதியைப் படித்தார். "இந்த வருசம் முடியட்டும் சார், அப்புறம் பார்ப்போம்" என்றார். முடிவு இன்னும் அவர் கையில்தான் உள்ளது. ஒரு கட்டுரையால் வாசிப்புச் சிக்கல் தீர்ந்துவிடாது என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன். குறைநீக்கல் வகுப்பு தொடர்கிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் தையல் இயந்திரமோ, மிதிவண்டியோ, ஆட்டுக்கல்லோ இருக்கும். பிள்ளையை அருகில் அமர்த்தி, அதன் உறுப்புகளை உங்கள் வாயால் பெயர் சொல்லிக் காட்டுங்கள். பெயர் இல்லாதவற்றுக்குப் பிள்ளையே பெயர் வைக்கட்டும். மறுநாள் எழுதுவதற்கு அவனிடம் ஏதேனும் இருக்கும்.

தாத்தாவின் பிஸ்கட் டின்னில் இன்னும் இரண்டு ரீல்கள் உள்ளன. வரும் சனிக்கிழமை அவற்றுள் ஒன்றைத் திறக்கவிருக்கிறோம். திருப்புளி அவன் கையில் இருக்கும்.