மக்கள் கவிமணி சி.வி.

இலங்கை மலையகத்தின் பெருங்கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் வட்டகொடை மடக்கும்புர தோட்டத்தில் பிறந்தார்.

1947 தேர்தலில் தலவாக்கலையில் வென்று நாடாளுமன்றம் போனார். மறுவருடமே குடியுரிமையைப் பறிக்கும் சட்டம் வந்தது. பின்னாலேயே தோட்டத் தமிழரின் வாக்கும் பறிபோனது. ஓட்டுப் போட்ட சனத்துக்கே ஓட்டில்லை!

அவருடைய புகழ்பெற்ற நெடுங்கவிதை தமிழில் எழுதப்பட்டதல்ல, ஆங்கிலத்தில். விடியலில் தப்பு முழங்க எழும் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), தேயிலைத் தூருக்குக் கீழே நடுகல்லும் இல்லாமல் புதைந்துபோனவர்கள்: இதெல்லாம் அதில் வருகிறது. கொழுந்து பறித்தவளுக்கு அது புரியாது, தோட்டத் துரைக்குப் புரியும். சக்தி அ. பாலையாவின் மொழிபெயர்ப்பில்தான், 'தேயிலைத் தோட்டத்திலே' என்று, தமிழுக்கு வந்து சேர்ந்தது.

ஆனாலும் கவிதையைவிடப் பெரிய வேலை அவர் பாட்டுச் சேர்த்ததுதான். தாலாட்டு, ஒப்பாரி, கங்காணியை ஏசும் பாட்டு, கோப்பிக் காலத்துக் கண்டிச் சீமைப் பாட்டு. எழுதத் தெரியாதவர்கள் கட்டியவை. அவை 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாக வந்தன. அடுத்த வருடம் சி.வி. காலமானார்.

'வீடற்றவன்', 'இனிப்பட மாட்டேன்' நாவல்களும் அவருடையவை.

பதுளை, பசறை, நமுனுகுல பக்கத்து லயங்களிலும் சி.வி. சேர்த்த பாட்டுகளின் உறவுக்காரப் பாட்டுகள் உண்டு. பாடத் தெரிந்த கிழவிகள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

கையில் ஃபோன் இருக்கிற பேரப்பிள்ளைகள் யாராவது பதிவு செய்கிறார்களா?