செல்லாத வெள்ளிக்கிழமை

பாஸின் முன்பக்கத்தில் ஒரு குடும்பம் தண்ணீரில் சறுக்கியபடி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது. பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் பதினாறு வரி. நான் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் பஸ் ஏறியவன்.

தாம்பரத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்காரருக்கு அவர் கம்பெனியில் கொடுத்த பாஸ் அது. யார் கொண்டுபோனாலும் நாலு பேர், வருடம் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். சென்னைக்கு வெளியே இருக்கும் பொழுதுபோக்குப் பூங்காக்களில் ஒன்று, பெயர் வேண்டாம். “எங்களுக்கு எங்க மச்சான் நேரம்? பொங்கலுக்கு வந்து புள்ளைங்கள கூட்டிட்டுப் போங்க” என்றார் மாப்பிள்ளை.

அது 2025 பொங்கல். செவ்வாய் பொங்கல், புதன் மாட்டுப் பொங்கல், வியாழன் காணும் பொங்கல். நடுவில் மாட்டிக்கொண்ட 17ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்கும் அரசு விடுமுறை விட்டது. அதற்கு ஈடாக 25ஆம் தேதி சனிக்கிழமை வேலை நாள் என்றது. சனி, ஞாயிறும் சேர்ந்து ஊருக்கெல்லாம் ஆறு நாள் லீவு. அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் பார்ப்பவனுக்கு இதெல்லாம் பேப்பரில் படிக்கிற சங்கதி. பாய்லருக்கு ஏது மாட்டுப் பொங்கல்? அந்த வாரம் எனக்கு வெள்ளிக்கிழமைதான் ஆஃப் விழுந்தது. முன்னும் பின்னும் லீவைச் சேர்த்து, ஒரு ஷிப்டை நண்பரோடு மாற்றிக்கொண்டு திங்கள் வரைக்கும் தேற்றினேன்.

கிளம்புமுன் என் மனைவி பாஸைத் திருப்பிப் பார்த்தாள். சனி, ஞாயிறு போகச் செல்லாத நாட்கள் வரிசையாக இருந்தன. “ஜனவரி 14, 15, 16. பதினேழு இல்லைங்க, தப்பிச்சோம்.” அதற்கு அடுத்த வரியை அவளும் படிக்கவில்லை.

காணும் பொங்கல் ராத்திரி சென்னைக்குப் போகிற பஸ்ஸில் கால் நீட்டிப் படுக்கலாம். திரும்புகிற கூட்டம் ஞாயிறு இரவுதான் கிளம்பும்; அன்றைக்குப் பரனூர் டோல்கேட்டில் நின்று பார்த்தால் தென் மாவட்டங்கள் மொத்தமும் கரும்புக்கட்டோடு நகர்வது தெரியும். நாங்கள் ஆர்ச் கேட், பண்ருட்டி எல்லாம் தூங்கியே கடந்தோம். விக்கிரவாண்டி வரைக்கும் சாலை வேலைக்காகப் பஸ் ஒடித்து ஒடித்துப் போனதில் மட்டும் இரண்டு முறை விழிப்பு வந்தது. கிளாம்பாக்கத்தில் இறங்கியபோது விடியவில்லை.

காலை பத்தரைக்குப் பூங்கா வாசல். கவுன்டரில் இருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். பாஸை வாங்கித் திருப்பிப் பார்த்து, அதே மரியாதையோடு திருப்பிக் கொடுத்தான்.

“இன்னைக்குச் செல்லாது சார். கவர்மென்ட் லீவு.”

“லிஸ்ட்ல பதினாறோட முடியுதே தம்பி.”

“அதுக்குக் கீழ பாருங்க சார். ‘அரசு அறிவிக்கும் பிற விடுமுறை நாட்கள்’னு இருக்கு.”

இருந்தது. எனக்குள் இருந்த யூனியன்காரன் எழுந்துகொண்டான். “சரி, இந்த லீவுக்குப் பதிலா இருபத்தஞ்சாம் தேதி சனிக்கிழமை வேலை நாள். அன்னைக்கு வந்தா விடுவீங்களா?”

அவன் யோசித்தான், உண்மையாகவே யோசித்தான். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டும் வந்தான். “சனிக்கிழமை சனிக்கிழமைதான் சார்.”

ஆக, வெள்ளிக்கிழமையை அரசாங்கம் விடுமுறை என்றால் பூங்காவும் ஒப்புக்கொள்ளும். சனிக்கிழமையை வேலை நாள் என்றால் ஒப்புக்கொள்ளாது. பின்னால் வரிசை நெளிந்தது. நாலு பேருக்கு முழுக் கட்டணத்தைக் கணக்குப் போட்டேன். கோவளம் கடற்கரையில் சுண்டல் வாங்கிக் கொடுத்துப் பிள்ளைகளைச் சமாதானம் செய்தேன்.

கோபம் ஆறியபின் யோசித்தால், தடை போடுவதில் தப்பில்லை. ஆள் இல்லாத செவ்வாய்க்கிழமையும் மோட்டார் ஓட வேண்டும், குளத்தருகே விசில் ஊதும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அந்த நாளை நிரப்பத்தான் பாஸ். முழுக் காசு கொடுத்து வருபவர்கள் மொய்க்கிற நாளில் பாஸ்காரன் எதற்கு? கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. 1955 ஜூலை 17 அன்று திறந்தபோதே கள்ள டிக்கெட்டில் கூட்டம் புகுந்து திணறிய இடம் அது. கொரோனாவில் மூடிக்கிடந்தபோது, 2021 ஜனவரியில் பழைய வருட பாஸை ஒழித்துவிட்டு, ஆகஸ்டில் ‘மேஜிக் கீ’ என்று புதிதாகக் கொண்டுவந்தார்கள். அதில் உசந்த ரகத்துக்குத் தடை நாளே கிடையாது என்றார்கள். ஆனால் முன்பதிவு செய்துதான் போக வேண்டும், பதிவு செய்யப் போனால் இடமில்லை. ஒரு பெண் வழக்குப் போட்டார். கடைசியில் 95 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் பேசினார்கள். நம் ஊரில் பாஸுக்காக யார் கோர்ட் படி ஏறுவது?

திங்கள் வந்தது. ஊர் முழுக்க வேலைக்குப் போய்விட்டது, பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, பூங்கா காலியாகக் கிடக்கும் என்று பிள்ளைகளின் டீச்சருக்குக் காய்ச்சல் கதை சொல்லிவிட்டுப் போனோம். பாஸ் செல்லுபடியானது. உள்ளே போனபின்தான் வண்டி நிறுத்துமிடத்தைத் திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாகப் பள்ளிப் பேருந்துகள். பதினெட்டு வரை எண்ணினேன். ஓரத்தில் வேப்பிலை கட்டிய இரண்டு சுற்றுலா பஸ்; மேல்மருவத்தூருக்கு இருமுடி எடுத்தவர்கள், சிவப்புப் புடவையோடு மர நிழலில் புளிசாதம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டில் ஜனவரி எக்ஸ்கர்ஷன் மாதம் என்பது எனக்குத் தெரியாததா? கிஷ்கிந்தா 1995இல் திறந்தபின் எங்கள் பக்கத்துப் பள்ளிகளும் இப்படித்தான் பொங்கல் முடிந்த கையோடு பஸ் பிடித்தன. ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ 3டி படம் எடுத்த நவோதயா அப்பச்சன் கட்டிய பூங்கா என்று வாத்தியார் சொன்னதும், கண்ணாடி போடாமலே எல்லாம் முப்பரிமாணமாகத் தெரிந்தது. எத்தனையோ பேர் வி.ஜி.பி. பூங்காவில் சிலைபோல அசையாமல் நிற்கும் மனிதரைச் சிரிக்கவைக்கக் கோணங்கித்தனம் செய்து தோற்றிருக்கிறோம். அதையெல்லாம் மறந்துவிட்டு, திங்கட்கிழமை காலியாக இருக்கும் என்று நம்பினேன் பாருங்கள்.

சறுக்கு வரிசையில் எங்களுக்கு முன்னால் ஆறாம் வகுப்பு ஒன்று முழுதாக நின்றது. வாடகைக்கு எடுத்த நைலான் டிரவுசர் ஒரு பையனுக்கு இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்தபடி மறு கையால் அடையாள அட்டையைத் தலைக்குமேல் தூக்கி வைத்திருந்தான், நனையக் கூடாதாம். பி.டி. வாத்தியார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலை எண்ணினார். ஒவ்வொரு முறையும் ஒரு தலை கூடவோ குறையவோ வந்தது. ஒரு முறை என் மகனையும் சேர்த்து எண்ணிவிட்டார். ஐம்பது நிமிடம் நின்று, பன்னிரண்டு விநாடி சறுக்கினோம்.

ராட்சத ராட்டினத்தின் கீழே நின்று அண்ணாந்த மகள், “சுரங்கத்துல இருக்கறது இதைவிடப் பெருசுப்பா” என்றாள். அவள் சொன்னது நிலக்கரி வெட்டும் சக்கர எந்திரத்தை. ஒரு வாளிக்கே 1400 லிட்டர் கொள்ளும் எந்திரங்கள் சுற்றுகிற ஊர்ப் பிள்ளை, ராட்டினத்துக்கெல்லாம் மிரளுமா?

கூட்டம் எனக்குப் புதிதில்லை. மந்தாரக்குப்பத்துக்குப் பக்கத்திலேயே வடலூர். தைப்பூசத்தன்று சத்திய ஞான சபையில் ஏழு திரை நீக்கி ஆறு வேளை ஜோதி தரிசனம், லட்சக்கணக்கில் வருகிறார்கள். 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு எல்லாருக்கும் சோறு போடுகிறது. அங்கே செல்லாத நாள் என்று ஒன்றில்லை. பூங்காக்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். அவர் வியாபாரம் வேறு. ஆனால் ஒன்று கேட்கலாம். செல்லாத நாட்களை முன்பக்கத்திலேயே, அந்தச் சிரிக்கிற குடும்பத்துக்குக் கீழே, கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் தமிழில் அச்சடியுங்கள். ‘அரசு அறிவிக்கும் பிற நாட்கள்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். பாஸ் விற்றபின் வருகிற அரசாணைக்கு வாங்கியவன் எப்படிப் பொறுப்பு?

உங்கள் கையிலும் இப்படி ஒரு பாஸ் இருந்தால், ஜனவரியில் போகாதீர்கள். ஜூலையில், ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துப் போங்கள்.