கம்பியில் ஏறிய காகிதங்கள்

வேப்பம்பட்டு ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் சாயங்காலத்தில் இப்போதும் பஜ்ஜி வாசனை வருகிறது, ஆனால் கடைக்காரர் வெள்ளைத் தாளில் வைத்து நீட்டுகிறார், செய்தித்தாளில் தின்பண்டம் மடிக்காதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே சொல்லிவிட்டது, சொன்னது சரிதான், இருந்தும் எண்ணெயில் ஊறிய அச்சு மையின் வாடை இல்லாமல் எனக்கு அது பாதி பஜ்ஜிதான்.

அந்த வாடையோடு பெரியப்பா வந்துவிடுவார். "பேப்பர் வந்துருச்சா?" என்று வேப்பங்குச்சியை மென்றபடி வாசலுக்கும் திண்ணைக்கும் நடப்பார், தினத்தந்தியைப் படித்து முடித்ததும் மடிப்பு கலையாமல் தேதிவாரியாக அடுக்குவார், பழைய பேப்பர்காரர் தராசைத் தூக்கும்போது முள்ளை விட்டுக் கண்ணெடுக்கமாட்டார், அடுக்கில் பாதிதான் எடைக்குப் போகும், மிச்சம் அலமாரியில் விரிக்க, நோட்டுக்கு அட்டை போட, பெரியம்மா புளி மடிக்க என்று வீட்டுக்குள்ளேயே தீர்ந்துவிடும்.

கூடத்துச் சுவரில் ஒரு கம்பி தொங்கியது, மேலே கொக்கி, அடியில் வட்டமாய் மரக்கட்டை, கடிதம், வரி ரசீது, கல்யாணப் பத்திரிகை எது வந்தாலும் நடுவில் குத்தி ஏற்றிவிடுவார், துளையைச் சுற்றித் துரு செம்மண் நிறத்தில் படர்ந்திருக்கும், அடியில் கிடப்பதைப் பார்க்கவேண்டுமானால் குடும்பச் சமாச்சாரம் அத்தனையையும் உருவியாக வேண்டும். மனைப் பத்திரம் மட்டும் கம்பிக்கு வராது, அது டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை வாசனையோடு கிடக்கும், சாவி அவர் அரைஞாணில்.

பள்ளி திறக்கும் சமயத்தில் லோக்கல் ரயில் பிடித்துப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போவோம், வெயில் தரையைத் தொடாத அந்தத் தெருவில் பசை வாசனையும் தாள் கட்டுகளும் கூலியாட்களின் வியர்வையுமாக இருக்கும், 24 தாள் ஒரு குயர் என்று அங்கேதான் படித்தேன். பெரியப்பா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், விரலால் சுண்டிக் காது கொடுப்பார். கரூர் பக்கம் புகளூரில் அரசு ஆலை 1984இல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் எடுக்கத் தொடங்கியிருந்தது, ஆலை இருக்கும் இடத்துக்கே காகிதபுரம் என்று பெயர், கடைக்காரர் இதைச் சொன்னதும் பெரியப்பா ஒரு தாளை மோந்து பார்த்து, "இனிப்பே இல்லையே" என்றார், கடைக்காரர் சிரிக்கவில்லை, அவருக்கு நாளெல்லாம் இதே பேச்சாக இருந்திருக்கும்.

நானும் ஒரு கம்பி மாட்டிப் பார்த்தேன், இப்போதைய கடை பில்கள் மையில்லாமல் சூட்டில் அச்சாகிறவை, சில மாதங்களில் எழுத்து வெளுத்து வெறும் தாள் தொங்குகிறது.

அண்ணன் மகன் இங்கேயே மனை பார்த்திருக்கிறான். "பேப்பர்லாம் கிளியர் சித்தப்பா" என்று போனை நீட்டினான், வில்லங்கச் சான்று முழுக்க அதிலேயே இருந்தது, இணையத்தில் பெரும்பாலும் 1975இலிருந்துதான் கிடைக்கிறது, வக்கீலோ அதற்கு முந்தைய மூலப் பத்திரத்தைக் கேட்கிறார். பத்திரம் வைத்திருந்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆவடியில் அவருடைய பேரன் பரணைக் குடைந்துகொண்டிருக்கிறான், முன்பணம் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.