கைப்பிடி அரிசிக்கு ரசீது இல்லை

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத் திருச்சபை ஒன்றில் பல வருடம் பொருளாளராக இருந்தேன். கணக்கில் ஒரு ரூபாய் பிசகியதில்லை. தணிக்கைக்கு வந்தவர்கள் என் நோட்டைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போவார்கள். அதே நோட்டை வைத்துக்கொண்டு நான் செய்த பாவத்தைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் சபையில் ஒவ்வொரு குடும்பமும் வருமானத்துக்கு ஏற்ப மாதச் சந்தாவாகச் சங்கம் கட்ட வேண்டும். கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். அதற்கு முன் சங்கப் பாக்கியை முடித்துவிட வேண்டும் என்பது வழக்கம். பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு விதவைத் தாய் தன் மகளுக்கு ஓலை கொடுக்க வந்தார். நெடுநாள் பாக்கி இருந்தது. ஆராதனை முடிந்து ஆட்கள் இன்னும் கலையவில்லை. நான் நோட்டைப் பிரித்து, தொகையைச் சத்தமாகவே வாசித்தேன்.

“ரெண்டு மாசம் பொறுங்க அண்ணாச்சி, கல்யாணம் முடிஞ்சதும் கட்டிருதேன்.”

“சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானம்மா” என்றேன்.

அடுத்த வாரம் மகளிர் குழுவில் கடன் வாங்கி வந்து கட்டினார். கார்பன் தாளுக்கு அடியிலும் எழுத்து விழ வேண்டுமென்று பேனாவை அழுத்தி ரசீது எழுதினேன். அவர் விரலில் புகையிலைக் கறை இருந்தது. ரசீதை வாங்கி மடித்து, வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். சபைப் போதகரான ஐயரிடம் சொல்லியிருந்தால் தவணை கொடுத்திருப்பார் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

எங்கள் சபையில் கைப்பிடி அரிசி இன்றும் உண்டு. சோற்றுக்கு அளந்த அரிசியிலிருந்து, உலையில் போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் பெட்டியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். மிஞ்சியதைக் கொடுப்பதல்ல அது. அன்றைய சோற்றில் ஒரு பிடி குறையும். அந்தத் தாய் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. பெட்டியைத் திறந்தால் பொன்னி அரிசிக்கு நடுவே ரேஷன் கடையின் மொட்டை அரிசி கலந்து கிடக்கும். கலப்பு அரிசி என்று கடைக்காரர் விலையைக் குறைத்துத்தான் எடுப்பார். நான் கணக்கில் “கைப்பிடி அரிசி விற்ற வகையில்” என்று ஒரே வரியில் எழுதுவேன். யார் கொடுத்தது என்று அதில் இருக்காது. சனிக்கிழமைதோறும் அவர் கோயிலைக் கூட்டியதும், சபை விருந்தான அசனத்தன்று அண்டாக்களைத் தேய்த்ததும் அந்த நோட்டில் இல்லை. என் கண்ணில் அவர் பாக்கிதாரர்.

என் வீட்டுக் கதை வேறு. என் மனைவி பிடி அரிசி எடுத்துவைப்பாள். தினமும் என்ன தொல்லை, மொத்தமாக ஒரு பையாகக் கொடுத்துவிடலாம் என்று அதை நிறுத்தியவன் நான். அப்படி ஒருமுறை வண்டு விழத் தொடங்கிய அரிசியைக் கட்டிக் கொடுக்கச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.

நான் அரசு ஊழியன். 2017-ல் சம்பளத்தைத் திருத்தி உயர்த்தினார்கள். என் சங்கத் தொகையை நான் உயர்த்தவில்லை. என் பெயருக்கு நேரே எல்லா மாதமும் ‘செலுத்தப்பட்டது’ என்று இருந்ததால் யாரும் கேட்கவில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்திலோ ஒரு பூசணிக்காயை ஆயிரத்துக்கு மேல் எடுப்பேன். அது ஊர் பார்க்கக் கொடுத்தது.

வெட்கம் என்னவென்றால், காணிக்கையைப் பற்றி நான் மேடையிலும் பேசியிருக்கிறேன். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1903-ல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்க முன்னின்றார். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் நம் சபை மக்களின் காணிக்கையிலேயே தெலுங்கு நாட்டுக்கு மிஷனெரிகள் போனார்கள். அசரியா 1912-ல் தோர்ணக்கல் பேராயரான பிறகு அங்குள்ள சபைப் பெண்களும் பிடி அரிசி எடுத்துவைத்தார்கள். இதையெல்லாம் உருக்கமாகச் சொல்வேன். முன்வரிசையில் அந்தத் தாயும் உட்கார்ந்து கேட்டிருப்பார்.

லூக்கா 16-ஆம் அதிகாரத்து அநீதியுள்ள உக்கிராணக்காரன் தன் பிழைப்புக்காகவாவது நூறு குடம் எண்ணெய்க் கடனை ஐம்பதாகக் குறைத்தான். நான் ஒருவருக்கும் எதையும் குறைக்கவில்லை, என் பங்கைத் தவிர.

பொறுப்பை விட்டுவிட்டேன். 2017 முதல் கட்டியிருக்க வேண்டியதைக் கணக்குப் பார்த்துக் கட்டியும் விட்டேன். அது எளிதாக இருந்தது, பணம்தானே. கல்யாண ஓலைக்குப் பாக்கியைக் காரணம் காட்டக் கூடாது என்று கமிட்டியில் பேசினேன். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அந்தத் தாயிடம் மட்டும் இன்னும் பேசவில்லை. வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொல்லிவிடலாம் என்று மனம் வழி தேடுகிறது. பாக்கியைக் கேட்டது நாலு பேர் முன்னால். மன்னிப்பும் அங்கேதான் கேட்க வேண்டும் என்று தெரிகிறது. ஞாயிறு வந்தால் துணிவு வரமாட்டேன் என்கிறது.