அத்தை புகையிலையை விட்ட கதை

புகையிலைக் கெடுதல் என்றதும் நமக்குப் பீடியும் சிகரெட்டும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆண்கள் சமாசாரம் என்று ஒதுக்கி விடுகிறோம். வெற்றிலைப் பெட்டியின் ஓரத்தில் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறதே, அது யாருடையதாம்? 2016-17-ல் நாடு முழுவதும் எடுத்த கணக்கில் புகை பிடிக்கும் பெண்கள் 100-க்கு 2 பேர்தான். வாயில் போடும் புகையிலையைப் பழகிய பெண்களோ 100-க்கு ஏறக்குறைய 13 பேர். நம் பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டுப் பெரியம்மா எல்லோரும் இதில் அடக்கம்.

என் மாமியாரும் அவர்களில் ஒருவராக இருந்தவர். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். "பத்திரிகைக்கு எழுதட்டுமா அத்தை?" என்று கேட்டேன். "எழுது, எழுது. எம் பேரை மட்டும் போட்டுத் தொலைக்காத" என்று சிரித்தார். ஆகவே பேர் இல்லாமல் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருச்செந்தூர் பக்கம். ஆத்தூர் வெற்றிலை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. அந்த வாசத்திலேயே வளர்ந்தவர் அத்தை. மூத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது அவருக்குப் பல்வலி வந்ததாம். "ஒரு துண்டு பொயிலைய கடவாயில அடக்கிக்கோ, வலி தெரியாது" என்று ஒரு கிழவி கொடுத்திருக்கிறாள். பல்வலி போய்விட்டது, பொயிலை போகவில்லை. 2004-ல் நான் மருமகளாக வந்தபோது, எழுந்ததும் ஒன்று, காலைப் பலகாரத்துக்குப் பின் ஒன்று, சோறு சாப்பிட்டதும் ஒன்று, மூன்று மணிக்குத் திண்ணையில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோடு ஒன்று என்று நாளைக்கு எட்டு ஒன்பது தடவை ஆகிவிடும்.

இதனால் அத்தையைப் பக்தி இல்லாதவர் என்று நினைத்து விடாதீர்கள். நாங்கள் சி.எஸ்.ஐ. சபையார். அதிகாலை ஜெபம், பெண்கள் ஐக்கிய சங்கம், கன்வென்ஷன் கூட்டம் எதையும் அவர் தவற விடமாட்டார். ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் எல்லோர் முன்னிலும் கையைத் தூக்கிப் பொருத்தனை செய்து, மடியில் இருந்த பொட்டலத்தை அங்கேயே வீசிவிட்டு வந்தார். பத்தாம் நாள் கடைக்குப் பையனை அனுப்பி வாங்கிக்கொண்டார்.

ஈஸ்டருக்கு முன் வரும் 40 நாட்களை நாங்கள் லெந்து நாட்கள் என்போம். கறிமீன், காபி, தலையில் பூ என்று ஆளுக்கொன்றை ஆண்டவருக்காக விட்டிருப்பார்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் இருக்கும் விரதத்தை நினைத்துக்கொண்டால் பிற மதத்துச் சகோதரிகளுக்குப் புரியும். அத்தை வருஷா வருஷம் விடுவது புகையிலையை. ஈஸ்டர் அன்று விடியற்கால ஆராதனை முடிந்து வந்ததும், ஆலயத்துக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றாமல் வெற்றிலைப் பெட்டியைத் தேடுவார். கடன் கொடுத்ததைக் கெடு முடிந்ததும் திருப்பி வாங்குகிற மாதிரி இருக்கும்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணிப் பாருங்கள், 46 நாள் வரும். நடுவில் உள்ள 6 ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துத்தான் 40. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள், அன்று உபவாசம் இல்லை என்பது ஆதிமுதல் வரும் வழக்கம். அத்தைக்கு இந்தக் கணக்கு மிக நன்றாகத் தெரியும்! ஞாயிற்றுக்கிழமை ஆலயம் விட்டு வந்ததும் பெட்டி திறந்துவிடும். ஆறு நாள் பாக்கியையும் அன்றே தீர்த்துக்கொள்வார்.

திங்களும் செவ்வாயும் வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது. பாத்திரம் உருளும். பேரப்பிள்ளைகள் அடி வாங்கும். 'லெந்து நாளில் மனுஷிக்கு ஏன் இவ்வளவு கோபம்' என்று என் வீட்டுக்காரர் முணுமுணுப்பார். பின்னால் டாக்டர் சொல்லித்தான் காரணம் விளங்கியது. புகையிலையில் இருக்கும் நிக்கோட்டின் என்ற சரக்குதான் ஆளைப் பிடித்து வைக்கிறது. சுண்ணாம்பு சேரும்போது அது கன்னத்துச் சதை வழியாக இன்னும் சீக்கிரமாக ரத்தத்தில் கலந்துவிடுமாம். அதை விட்டால் முதல் இரண்டு மூன்று நாள்தான் ரொம்பக் கொடுமை. எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை எல்லாம் அப்போது உச்சத்தில் இருக்கும். பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாகத் தணியும். அத்தையோ அந்தக் கொடுமையான முதல் மூன்று நாளை ஒவ்வொரு லெந்திலும் வாரா வாரம் புதிதாக அனுபவித்திருக்கிறார். தணிகிற கட்டத்துக்கு ஒரு வருஷமாவது வந்து சேர்ந்ததே இல்லை. பாவம்தானே?

2017 ஆகஸ்டில் ஒரு நாள், "ரசம் ஏன் இப்படிக் காந்துது?" என்றார். நான் மிளகு குறைத்துத்தான் வைத்திருந்தேன். மறுநாளும் அதே பேச்சு. டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது கன்னத்தின் உட்பக்கம், புகையிலை அடக்கும் இடத்திலேயே, விரல் நகம் அளவுக்கு வெள்ளையாக ஒரு திட்டு. துணியால் துடைத்தாலும் போகவில்லை.

பல் ஆஸ்பத்திரியில் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் அத்தை புகையிலையைத் தொடவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் பயத்தில் இன்னும் இரண்டு தடவை அதிகமாகப் போட்டார். புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் இப்படியே போனால் அப்படி மாறக்கூடிய திட்டு என்றார் டாக்டர். அவர் ஒரு சின்னப் பெண், என் மகள் மாதிரி. "புகையிலை மட்டுமில்ல பாட்டி, பாக்கையும் விடணும்" என்றார். வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-லேயே சொல்லிவிட்டதாம். சீவல், பாக்குத்தூள் பொட்டலம் எல்லாம் இதில் சேர்த்தி.

"வர்ற லெந்துக்கு விட்டுடுதேன் டாக்டரம்மா" என்றார் அத்தை.

"அது எப்போ வரும்?"

"பிப்ரவரியில."

"இன்னும் ஆறு மாசம் இருக்கே பாட்டி. இன்னிக்கு என்ன கிழமை? இன்னிக்கே விடுங்க."

வீட்டுக்கு வந்து அத்தை அழுத அழுகை என் கண்ணிலேயே நிற்கிறது. வியாதிக்காக அழவில்லை. "நாப்பது வருசமா இதுக்குன்னே ஜெபிச்சிருக்கேனே, எனக்கு மட்டும் ஏன் பதில் இல்ல?" என்றுதான் அழுதார். ஆறுதல் சொல்ல வந்த ஒரு அம்மாள், "உங்களுக்கு விசுவாசம் பத்தல" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அந்தப் பேச்சு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. சர்க்கரை வியாதிக்காரரிடம் போய் இப்படிச் சொல்வோமா?

எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம். மறுநாள் ஐயர் வந்தார். புத்திமதி சொல்லப் போகிறார் என்று அத்தை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஐயரோ ரோமர் நிருபம் ஏழாம் அதிகாரத்தை எடுத்தார். நல்லது செய்ய ஆசைப்படுகிறேன், ஆனால் வேண்டாம் என்று நினைப்பதையே செய்துவிடுகிறேன் என்று பவுல் அப்போஸ்தலரே புலம்புகிற இடம் அது. "இத்தனை சபைகளை உண்டாக்கியவருக்கு விசுவாசம் பத்தலையாம்மா?" என்று கேட்டார்.

பிறகு மோனிக்கா அம்மையாரின் கதையையும் சொன்னார். நாலாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்தவர், அகஸ்தீன் என்ற பெரிய மகானின் தாய். சிறுமியாக இருந்தபோது வீட்டுப் பீப்பாயிலிருந்து திராட்சை ரசம் எடுத்து வரச் சொல்வார்களாம். விளையாட்டாக ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்தது, நாளாவட்டத்தில் கோப்பை கோப்பையாக ஆகிவிட்டது. வேலைக்காரச் சிறுமி ஒருத்தி சண்டையில் "குடிகாரி" என்று திட்டிவிட, அந்த வெட்கத்திலேயே விட்டுவிட்டாராம். மகனே இதை எழுதி வைத்திருக்கிறார்.

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு ஏச்சுல விட்டுட்டாங்களா? என் பேரன் தெனம் ஏசுதான், நான் விடலையே ஐயரே!" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அழுத முகத்தில் சிரிப்பு வந்ததே, அது எனக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது.

ஐயர் செய்த ஜெபம் மிகச் சின்னது. இந்த ஒரு நாளைக்கு வேண்டிய பெலனைக் கொடும் என்று மட்டும் கேட்டார். அந்த 'ஒரு நாள்' அத்தையைப் பிடித்துக்கொண்டது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு விழுந்த மன்னாவை நாளுக்கு நாள்தான் பொறுக்க வேண்டும். பேராசைப்பட்டு மறுநாளுக்கு வைத்தால் புழுத்துப்போகும். "நான் நாப்பது நாளைக்குச் சேர்த்துக் கட்டி வச்சேன், அதான் புழுத்துப் போச்சு" என்றார் என்னிடம். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆசை வரும் நேரத்துக்கு 119-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டார். ஏன் அத்தை என்றால், "அதுதான் தீராது" என்றார்! உண்மைதான், வேதத்திலேயே நீளமான சங்கீதம், 176 வசனம். எட்டெட்டு வசனமாக 22 பாகம். 'வாயி கேக்குது' என்று தோன்றியதும் ஒரு பாகத்தை நிதானமாகச் சத்தம் போட்டு வாசிப்பார். வாசிக்கிற வாயில் எதை மெல்ல முடியும்? அப்படியும் அடங்காவிட்டால் அடுத்த பாகம். இந்த ஆசை ஒவ்வொரு தடவையும் சில நிமிஷம்தான் உச்சத்தில் நிற்கும், அதைத் தாண்டிவிட்டால் தணிந்துவிடும் என்று டாக்டரும் சொன்னார். அத்தையின் சங்கீதம் அந்தச் சில நிமிஷத்தைத்தான் தாண்ட வைத்தது.

அடுப்பங்கரை வேலை என்னுடையது. வெற்றிலைப் பெட்டியைக் கண்ணில் படாமல் மச்சில் ஏற்றினேன். சாப்பாட்டுக்குப் பின் வாயில் போட வறுத்த சோம்பும் ஒரு கிராம்பும் வைத்தேன். இன்னொரு சங்கடத்தையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். காலையில் பொயிலை போட்டால்தான் அவருக்கு வயிறு இளகும். விட்ட முதல் வாரம் மலச்சிக்கல் வந்து, அதைச் சாக்கிட்டே மறுபடி கேட்டார். வெந்நீர், கீரை, கொய்யாப்பழம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துச் சமாளித்தேன். இந்த ஒரு காரணத்துக்காகவே திரும்பிப் போகிறவர்கள் நிறைய பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்று மணித் திண்ணைதான் பெரிய சோதனை. முப்பது வருஷமாக ஒரே பெட்டியில் கை வைத்தவர்கள் இருவரும். பெரியம்மா இந்துவானாலும் விஷயம் தெரிந்ததும் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வர ஆரம்பித்தார். உட்கார்ந்து சங்கீதத்தைக் கேட்பார். "யக்கா, இத நேத்தும் படிச்சீகள்லா?" என்று தப்புக் கண்டுபிடிக்கிற அளவுக்கு அவருக்கும் பாடமாகிவிட்டது.

அக்டோபரில் உறவில் ஒரு சாவு. சாவு வீட்டில் இரவெல்லாம் வெற்றிலைத் தட்டு சுற்றும் என்று உங்களுக்கே தெரியும். விடிந்து வந்த அத்தை வாசலிலேயே நின்று, "போட்டுட்டேன்ளா, ரெண்டு தடவ" என்றார். எனக்கு அதிசயமாக இருந்தது. ஏனென்றால் முன்பெல்லாம் தவறிவிட்டால் சொல்ல மாட்டார், ஒளிப்பார். வெட்கத்தில் ஜெபத்தையும் நாலு நாள் நிறுத்திவிடுவார். ஆண்டவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று விலகிப் போய், அப்படியே அடுத்த லெந்து வரை பழைய வழக்கம்தான். இந்தத் தடவை குளித்துவிட்டு நேரே வேதத்தை எடுத்து, முந்தின நாள் நிறுத்தின பாகத்திலிருந்து வாசித்தார். மத்தியானம் பெரியம்மாவிடமும் மறைக்காமல் சொன்னார். நாற்பது வருஷமாகச் சுற்றிச் சுற்றி வந்த வளையம் அங்கேதான் அறுந்தது என்பது என் அபிப்பிராயம். டிசம்பரில் ஒரு கல்யாண வீட்டில் இன்னொரு முறை தவறியது. அதற்குப் பிறகு இல்லை.

2018 பிப்ரவரி 14, சாம்பல் புதன். விடுவதற்கு அத்தையிடம் ஒன்றும் இல்லை! ஆலயத்துக்குப் போகுமுன், "எதளா விட?" என்று என்னையே கேட்டார். யோசித்துக் காபியை விட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு டம்ளர். கணக்கை விடுகிற ஆளா? ஏப்ரல் 1 ஈஸ்டர் அன்று ஆராதனை முடிந்து வந்ததும் நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். "என்ன முழிச்சிக்கிட்டு நிக்கிய? காபி கொண்டா" என்றார்.

இப்போதும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கன்னத்தைக் காட்டி வருகிறோம். திட்டு சுருங்கியிருக்கிறது, முழுவதும் மறையவில்லை. காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு.

உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் பகல் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், காரம் பட்டால் காந்தல், வாயை முன்போல் அகலத் திறக்க முடியாமை, இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். விட நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்ல 1800-11-2356 என்ற அரசாங்க இலவச எண்ணும் இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா தம் வீட்டுக்குள் இன்னும் போடத்தான் செய்கிறார். அத்தை அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, என்னையும் சொல்ல விட்டதில்லை. போன வாரம் மூன்று மணிக்கு வந்தவர் திண்ணையில் உட்காராமல் நேரே அடுப்பங்கரைக்கு வந்தார். கையில் அவர் பேரனுடைய டார்ச். "ஏ, என் வாயையும் கொஞ்சம் பாரேன்" என்றார்.