ஏடும் பட்டறையும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளியாகும் நாளில் யாழ்ப்பாணத்து வீடுகள் இரு வகையாகப் பிரிந்துவிடுகின்றன. பல்கலைக்கழகம் புகும் பிள்ளையின் வீட்டிலே கற்கண்டு வழங்கப்படுகின்றது. மற்றைய வீட்டிலே, “இனி என்ன செய்யப் போகிறான்?” என்ற வினாவுக்குத் தாழ்ந்த குரலிலேயே விடை கிடைக்கின்றது. மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் பயிலச் செல்பவனின் தாய், “ஒரு கோர்ஸ் செய்யிறான்” என்று கூறி நிறுத்திக்கொள்கிறாள். எந்தக் கோர்ஸ் என்பதை அவள் சொல்வதில்லை.

இத்தொழிற்கல்வி இலங்கைக்குப் புதியதன்று. 1958 சனவரியில் பேருந்துச் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியபோது, அதன் வாகனங்களைப் பேணுதற்குத் தேர்ந்த கைகள் வேண்டப்பட்டன. ஜேர்மனியின் உதவியோடு 1959இல் இலங்கை - ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் உருவாயிற்று. பயிலுநன் கல்லூரியிற் சில காலமும் தொழிலகத்திற் சில காலமுமாக ஒரே தொழிலை இரு இடங்களிற் கற்கவேண்டும் என்பது ஜேர்மனியர் நெடுங்காலமாகப் பேணிவரும் முறை. 1971இல் இயற்றப்பட்ட தேசியப் பயிலுநர் சட்டம் தொழிலகப் பயிற்சிக்கு இந்நாட்டிற் சட்ட வடிவம் அளித்தது. 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் இத்தகைய நிறுவனம் ஒன்று திறக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் அமைந்திருப்பதும் அதே நகரில்தான். தேசிய தொழிற்றகைமையின் 7 படிகளில் இறுதிப்படி பட்டத்துக்கு நிகரானது. இவ்வளவும் இருந்தும் தாயின் குரல் உயரவில்லை.

கல்லூரியில் ஓராண்டு பயின்ற இளைஞன் ஒருவன், வாகன முகவர் நிலையமொன்றின் பட்டறைக்குப் பயிற்சிக்காக அனுப்பப்பட்டான். அவனுடைய குறிப்பேட்டிலே படங்கள் திருத்தமாக வரையப்பட்டிருந்தன. ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிவதற்கு நிறைப்படி 14.7 பங்கு வளி வேண்டும் என்பதை அவன் மனனஞ் செய்திருந்தான். பட்டறையோ முதல் மாதம் அவனிடம் துடைப்பத்தைக் கொடுத்தது. பின்னர் எஞ்சின் எண்ணெய் மாற்றவும், சில்லுகளைக் கழற்றிப் பூட்டவும் விட்டது. சில்லின் சுரைகளை வட்ட ஒழுங்கில் இறுக்கலாகாது, ஒன்றுக்கு எதிரே மற்றொன்றாக இறுக்கவேண்டும், இறுதியில் முறுக்குவிசையை அளந்து பார்க்கவேண்டும் என்பதை அவன் அங்கே கைப்பழக்கமாக்கிக்கொண்டான்.

மூன்றாம் மாதத்தில் ஒரு கார் வந்தது. முகப்புப் பலகையில் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இளைஞன் பரிசோதனைக் கருவியைப் பூட்டினான். ‘பி0171’ என்ற குறியீடு தோன்றியது. எரிபொருட் கலவையில் வளி மிகுந்துவிட்டது என்பது அதன் பொருள். இந்நிலையைக் கணினிக்கு அறிவிப்பது புகைபோக்கிக் குழாயிலுள்ள ஒட்சிசன் உணரி. உணரி பழுதாயிற்று என்று இளைஞன் முடிவு செய்து, களஞ்சியத்திலிருந்து புதியதொன்றைப் பெற்றுப் பூட்டினான். குறியீட்டை அழித்தான். விளக்கு அணைந்தது. கார் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இரண்டு நாட்களில் அதே கார் அதே விளக்கோடு திரும்பி வந்தது.

பட்டறையில் எல்லோரும் ‘பாஸ்’ என்று அழைக்கும் முதிய தொழிலாளர் அருகே வந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். கழற்றப்பட்ட பழைய உணரியைக் கையிலெடுத்துப் பார்த்தார். “தம்பி, இது பொய் சொல்லேல்லை. நீதான் கேட்டு முடிக்கேல்லை” என்றார்.

இலங்கைவேந்தன் அவையிலே அநுமனைக் கொல்லுமாறு ஆணை பிறந்தபோது, தூதனைக் கொல்வது முறையன்று என்று வீடணன் தடுத்தான். சொன்ன சேதி கசப்பானதாயின் சொன்னவனைத் தண்டிப்பது மனிதருக்கு எளிது. உணரியும் ஒரு தூதனே. வளி மிகுந்திருக்கிறது என்று அது உள்ளதை உள்ளவாறே உரைத்தது. வளி எங்கிருந்து வந்தது என்று கேட்பதை விடுத்து, இளைஞன் தூதனை மாற்றியிருந்தான்.

மறுமுறை அவன் கருவியிற் குறியீட்டோடு நில்லாது எண்களையும் நோக்கினான். எஞ்சின் ஓய்வு வேகத்திற் சுழலும்போது கணினி எரிபொருளை 20 வீதத்துக்கு மேல் கூட்டிக்கொண்டிருந்தது. வேகத்தைக் கூட்டியதும் அம்மிகை குறைந்தது. கல்லூரிக் குறிப்பேடு அப்பொழுதுதான் அவனுக்குள்ளே விழித்தது. ஓய்வு வேகத்தில் உள்ளிழுக்கப்படும் வளி மொத்தத்திற் சிறிது. ஆதலால் அளவிடப்படாது புகும் சிறு கசிவும் அப்போது பெரும் பங்காகிவிடும். வேகம் கூடும்போது மொத்த வளி பெருகிக் கசிவின் பங்கு சுருங்கும். எனவே பிழை வளியை அளக்கும் கருவிக்கு அப்பால், எஞ்சினுக்குச் செல்லும் வழியிலே இருத்தல் வேண்டும். பாஸ் விளக்கைப் பிடித்தார். மடிப்பொன்றின் அடியில் றப்பர்க் குழாய் வெடித்திருந்தது. குழாயின் விலை உணரியின் விலையிற் சிறு பகுதியே.

பின்னரே கடினமான வினா எழுந்தது. தேவையற்ற உணரிக்கு வாகன உரிமையாளர் பணம் செலுத்தியிருந்தார். “இரண்டும் பழுது” என்று எழுதினால் அவர் அறியப்போவதில்லை. எழுதிவிடு என்று அருகிலிருந்த ஒருவன் கண்ணாற் காட்டவும் செய்தான். இளைஞன் வேலைத்தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஈற்றில், உணரியில் முன்பு பழுது இருக்கவில்லை, அது தவறாக மாற்றப்பட்டது என எழுதிக் கையொப்பமிட்டான். உணரியின் விலை திருப்பிக் கொடுக்கப்பட்டது. அவன் மேலதிகாரியிடம் ஏச்சும் வாங்கினான். அன்று மாலை பாஸ் எதுவும் பேசாது தமது தேநீரிற் பாதியை அவனுக்கு ஊற்றிக் கொடுத்தார்.

கல்லூரி மட்டும் இருந்திருந்தால் அவன் 14.7 என்ற எண்ணை எழுதிச் சித்தியடைந்திருப்பான். வெடித்த குழாயைக் கண்டிருக்கமாட்டான். பட்டறை மட்டும் இருந்திருந்தால் பாகத்தை மாற்றிப் பார்க்கும் பழக்கமே அவனுக்குத் தொழிலாகியிருக்கும். கலப்பின வாகனங்களின் காலத்தில் அப்பழக்கம் பணத்தோடு நிற்பதில்லை. அவற்றின் மின்கலத்தொகுதியில் 200 வோல்ற்று அளவிலும் அதற்கு மேலும் அழுத்தம் உண்டு. செம்மஞ்சள் உறையிட்ட வடத்தை ஆராயாது தொடுபவன் உயிரையே இழக்கக்கூடும். பயிலுநனை மலிவான கூலியாளாக மட்டும் நடத்தும் பட்டறையும், மாணவரின் கையில் எண்ணெய் படாது சான்றிதழ் வழங்கும் கல்லூரியும் இந்த இரட்டைக் கல்வியைப் பாதியிலே முறித்துவிடுகின்றன.

கருதுகோள் அமைத்தல், சோதித்தல், தவறெனின் ஏற்றுக்கொள்ளல் என்று பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களில் ஆய்வுநெறி கற்பிக்கப்படுகின்றது. அதே நெறியைக் கிறீஸ் படிந்த கையோடு ஓர் இளைஞன் பழகியிருக்கிறான். தன் தவற்றைத் தன் கையாலேயே எழுதியும் வைத்திருக்கிறான். அவன் இறுக்கிய சில்லுகளை நம்பிப் பேராசிரியரும் மாணவரும் ஏ9 வீதியில் நாள்தோறும் பயணஞ் செய்கின்றனர். அவன் எந்தக் கோர்ஸ் படித்தான் என்பதை அவனுடைய தாய் இனி உரத்த குரலிலேயே சொல்லலாம்.