பாண்டை மீறினால் எட்டு மாதம்

பெயில் உத்தரவு வாங்கிய மறுநாள் மாலை அந்தப் பெண் என் அலுவலகத்துக்கு வந்தார். "சார், பெயிலு கெடச்சிருச்சுன்னு சொன்னீக. ஜெயிலு வாசல்ல போயி நின்னா, அவரு மேல இன்னொரு ஆர்டர் இருக்கு, விட முடியாதுங்குறாக" என்றார். அந்த ஆர்டரின் நகலையும் சிறையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கோட்டாட்சியர் கையெழுத்திட்டது. எந்த வழக்கிலும் தண்டனை பெறாத அவருடைய கணவர் இன்னும் எட்டு மாதம் உள்ளே இருக்க வேண்டும் என்றது அது.

அவர் தென் மாவட்ட ஊர் ஒன்றின் காய்கறி மார்க்கெட்டில் லோடுமேன். இறக்குக் கூலித் தகராறில் தொழிலாளர்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்தபோது, இரு தரப்பிலும் சிலர் மீது காவல்துறை 107 போட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அந்தப் பிரிவுப்படி, பொது அமைதி கெடும் என்று தகவல் வந்தால், ஓராண்டுக்கு மிகாமல் அமைதி காப்பதாக நிர்வாகத்துறை நடுவர் பிணைப்பத்திரம் எழுதி வாங்கலாம். கோட்டாட்சியர்தான் அந்த நடுவர். எங்கள் பக்கத்தில் இதை யாரும் ஒரு வழக்காகவே நினைப்பதில்லை. 'ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு கையெழுத்து' என்று வக்கீல்கூட வைக்காமல் போய்வருவார்கள். இவரும் அப்படித்தான் ஓராண்டுக்குப் பாண்டு எழுதிக் கொடுத்திருந்தார். மனைவியின் தாய்மாமாவும் ஒரு கடைக்காரரும் ஜாமீன் நின்றார்கள். எழுதிக் கொடுத்ததன் நகல் ஒருவரிடமும் இல்லை.

நான்காவது மாதம் கோயில் திருவிழாவில் எதிர்க் கோஷ்டிக்காரர் ஒருவரோடு கைகலப்பு. கெட்ட வார்த்தை பேசியது, அடித்தது, மிரட்டியது என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1) பிரிவுகளில் வழக்கு, ரிமாண்டு. பெயில் எளிதாகவே கிடைத்தது. ஆனால் அதற்குள் கோட்டாட்சியர் நடைமுறைச் சட்டத்தின் 122(1)(பி) பிரிவைக் கையில் எடுத்துவிட்டார். அமைதி காப்பதாக எழுதிக் கொடுத்தவர் அதை மீறியது நிரூபணமானால், அதற்கான காரணங்களைப் பதிவு செய்துவிட்டு, பத்திரக் காலம் முடியும் வரை அவரைச் சிறையில் வைக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. பெயில் என்பது திருவிழாச் சண்டை வழக்குக்கு மட்டுந்தான். பாண்டை மீறியதற்கான சிறைக்கு அது செல்லாது. இதை அந்த அம்மாவுக்கு விளங்கவைக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. புரிந்த பிறகு அவர் கேட்டார்: "அடிச்சாரா இல்லையான்னு இன்னும் யாருமே விசாரிக்கலையே சார்?"

அந்த உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நான் போட்ட சீராய்வு மனுவின் அடிப்படையே அந்தக் கேள்விதான். முதல் தகவல் அறிக்கை என்பது புகாரின் பதிவு. குற்றப்பத்திரிகைகூட வராத நிலையில் அதையே நிரூபணம் என்று கொண்டால், புகார் கொடுக்கிற எவரும் பாண்டு எழுதிய எவரையும் சிறைக்கு அனுப்பிவிடலாம்.

இந்தப் பிரிவுகளே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தேர் ஓடுவதற்கு முந்தின வாரம் ஒரு கிராமம் கொதித்துக்கொண்டிருக்கும்போது, இரு தரப்பையும் கூப்பிட்டு எழுதி வாங்குவது பல தலைகளைக் காப்பாற்றியிருக்கிறது. 1970-ல் மது லிமாயே வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வும் இவை செல்லும் என்றுதான் சொன்னது. ஆனால் சட்டம் வகுத்த விசாரணை முறைகளை விடாமல் பின்பற்ற வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

என்னை உறுத்தியது வேறு. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தைப் பாருங்கள். அது குற்றம் நிரூபிக்கப்பட்டவர்களுக்கானது. தண்டனையை உடனே விதிக்காமல், நன்னடத்தைப் பத்திரம் வாங்கிக்கொண்டு நீதிமன்றம் அவர்களை வெளியே அனுப்புகிறது. நிபந்தனையை மீறினால் 9-வது பிரிவு. சம்மன் அல்லது பிடியாணை அனுப்பி வரவழைத்து, அவர் தரப்பைக் கேட்ட பிறகு நீதிமன்றம் முடிவெடுக்கும். மூல வழக்குக்கான தண்டனையை விதிக்கலாம். முதல் முறை மீறல் என்றால், பத்திரத்தைத் தொடரவிட்டு, 50 ரூபாய்க்கு மிகாத அபராதத்தோடும் விடலாம். குற்றவாளி என்று தீர்ப்பான ஒருவருக்கு, ஒரு நீதிபதி முன் பேசவும் திருந்தவும் இத்தனை இடம். எந்தக் குற்றமும் நிரூபணமாகாத லோடுமேனுக்கு, ஓர் அதிகாரியின் ஒரு கையெழுத்தில் எட்டு மாதம். மதுரைக் கிளையில் வாதிட்டபோது இந்த இரண்டு பிரிவுகளையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டினேன்.

வழக்கைத் திருப்பியது அந்த உத்தரவின் இரண்டாம் பக்கம். முழுவதும் முன்பே தட்டச்சு செய்துவைத்த படிவம். பெயர், தகப்பனார் பெயர், தேதி, குற்ற எண் ஆகியவற்றுக்கு மட்டும் இடம் விட்டு, நீல மையில் நிரப்பியிருந்தார்கள். 'எதிர்மனுதாரர் நேரில் விசாரிக்கப்பட்டார். அவரது விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை' என்ற வரிகள் தட்டச்சில் இருந்தன. என்ன விளக்கம் சொன்னார் என்று ஒரு சொல்லும் கிடையாது. நேரில் விசாரித்ததாகச் சொன்ன தேதியில் அவர் ரிமாண்டில் இருந்தார். கைதியை ஆஜர்படுத்தச் சொல்லும் பி.டி. வாரண்ட் இல்லாமல் சிறையிலிருந்து ஒருவரை வெளியே கொண்டுபோக முடியாது. அரசு வழக்கறிஞர் மூலம் சிறைப் பதிவேட்டை வரவழைத்தார் நீதிபதி. அன்றைக்கு அவர் சிறைவாசலைத் தாண்டியதாகப் பதிவே இல்லை.

உத்தரவு ரத்தானது. அதற்குள் சில வாரங்களைச் சிறையில் கழித்திருந்தார். அந்த நாட்களில் இழந்த கூலிக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. திருவிழாச் சண்டை வழக்கு பின்னர் விடுதலையில் முடிந்தது.

ஜாமீன்தாரர்களின் பாடு தனி. பத்திரம் மீறப்பட்டதாகத் தீர்மானமானால் நடைமுறைச் சட்டத்தின் 446-வது பிரிவு அவர்கள் மீதும் பாயும். விளக்கம் கேட்ட பிறகு, எழுதிக் கொடுத்த தொகையை அபராதம்போல வசூலிக்கலாம். வசூலிக்க முடியாவிட்டால் ஜாமீன்தாரரை ஆறு மாதம் வரை சிவில் சிறையில் வைக்கவும் அந்தப் பிரிவு இடம் தருகிறது. அந்தத் தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும் அதிகாரமும் அதிலேயே இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அந்தத் தாய்மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, என். ஆனந்த் வெங்கடேஷும் சுந்தர் மோகனும், இந்த நடைமுறையின் வேரிலேயே கை வைத்தார்கள். 107-ன் கீழ் எழுதிய பாண்டு மீறப்பட்டால், நிர்வாகத்துறை நடுவர் தாமே சிறைக்கு அனுப்ப முடியாது, நீதித்துறை நடுவர் முன்புதான் கொண்டுவர வேண்டும் என்றது தீர்ப்பு. காவல் துணை ஆணையர்களுக்கு நிர்வாகத்துறை நடுவர் அதிகாரம் தந்த அரசாணைகளும் அதில் விழுந்தன. புகார் சொல்லும் துறையே சிறைக்கும் அனுப்பும் அந்த ஏற்பாடு போனதில் எனக்கு நிறைவு உண்டு.

2024 ஜூலை 1 முதல், பழைய நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த புதிய சட்டத்தில் 107 என்பது 126, 122 என்பது 141. எண்கள் மாறினாலும் அழைப்பாணைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றை எடுத்துவருகிற யாரையும் நான் தனியே அனுப்புவதில்லை. தகவலின் சாரம், தொகை, காலம் எல்லாம் எழுதப்பட்ட 130-வது பிரிவு உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குகிறேன். ஜாமீன் நிற்க வருபவர்களிடம், பழைய 446 இப்போது 491 ஆகியிருப்பதைச் சொல்லி, அதை முழுதாக வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடச் சொல்கிறேன்.